முதல் பேட்ச்சுக்குன்னு விட்டு வெச்ச வேலை

ஓப்பன் சோர்ஸுக்குள்ள, அதாவது கோடு எல்லாருக்கும் தொறந்திருக்கற சாஃப்ட்வேர் வேலைக்குள்ள, எப்படி நுழையறதுன்னு யார் கேட்டாலும் நான் லிப்ரெஆபீஸ் (வேர்டு, எக்செல் மாதிரி இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர்) கதையத்தான் சொல்லுவேன். 2010 செப்டம்பர்ல ஓப்பன்ஆபீஸ்லேர்ந்து பிரிஞ்சு வந்தப்போ அவங்க கைக்கு வந்தது பல லட்சம் வரி பழைய கோடு, அதோட வேர் ஜெர்மனில ஸ்டார்டிவிஷன்ங்கற கம்பெனில இருக்கு, அதனால கோடுக்கு நடுவுல இருந்த கமென்ட், அதான் கோட விளக்கற குறிப்பு, நெறைய ஜெர்மன்லயே கெடந்துச்சு. புதுசா வர்றவருக்கு சி பிளஸ் பிளஸ் தெரிஞ்சாலும் அந்த எடத்துல என்ன நடக்குதுன்னு புரியாது.

அந்த கமென்ட்ட இங்கிலீஷுக்கு மாத்துறதையே புதுசா வர்றவங்களுக்கான வேலையா வெச்சாங்க! எந்த ஃபைல்ல ஜெர்மன் மிச்சம் இருக்குன்னு தேடிக் குடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வேற. கமென்ட்ட மாத்தணும்னா சுத்தி இருக்கற கோடப் படிச்சே ஆகணும், பேட்ச் (நாம கோடுல செஞ்ச மாத்தம்) அனுப்பறது, அத மத்தவங்ககிட்ட காட்டி ரிவ்யூ வாங்கறதுன்னு எல்லாமே அதுலயே பழகிடும்.

இந்த மாதிரி வேலைங்களுக்கு ஈஸி ஹேக்ஸ்னு பேரு. பக்ஜில்லாங்கற, பக்குங்கள (சாஃப்ட்வேர் பிழைங்கள) பதிவு பண்ணி வெக்கற சைட்ல, எந்த ஃபைல பாக்கணும், எவ்ளோ கஷ்டம்னு எழுதியே வெச்சிருப்பாங்க. அனுபவசாலி ஒருத்தர் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டுப் போயிடலாம், ஆனா செய்யாம நமக்காக விட்டு வெச்சிட்டு, நாம தப்பும் தவறுமா செஞ்சு அனுப்பறத உக்காந்து படிக்கறாங்க பாருங்க, அதுக்குத்தான் பெரிய மனசு வேணும்.

என் முதல் பேட்ச், கோடுல வேற எந்த எடமும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன (கோடோட ஒரு துண்ட) எடுத்தது, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி பில்ட் ஆகவே, அதாவது கோடு ஓடற ப்ரோகிராமா மாறவே, ராத்திரி முழுக்க லேப்டாப் ஓடுச்சு. பேட்ச்ச ரிவ்யூ பண்ற ஜெரிட் சைட்ல போட்டா, ஏன் எடுத்தீங்கன்னு கமிட் மெசேஜ்ல (கமிட்னா பதிவான ஒரு மாத்தம், மெசேஜ் அதோட போற குறிப்பு) எழுதுங்கன்னு பதில் வந்துச்சு, மூணு தடவ திருத்தினேன். அப்புறம் என் பங்களிப்பு எல்லாத்தையும் எம்பிஎல், எல்ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல தர்றேன்னு ஒரு மெயில், அதுக்கப்புறம்தான் சேர்த்தாங்க.

கோடே தெரியாதவங்களுக்கும் வழி இருக்கு, பைபிசெக்ட், அதாவது ஒரு பக் எந்த மாத்தத்துல உள்ள வந்துச்சுன்னு தேடறது. பழைய பில்டுங்கள வரிசையா சேத்து வெச்சிருப்பாங்க, நடுவுல ஒண்ண ஓட்டிப் பாத்து இதுல பக் இருக்கா இல்லையான்னு சொல்லணும், ஒவ்வொரு தடவையும் பாதி கழிஞ்சிடும், ஆயிரம் பில்டு இருந்தாலும் பத்து தடவைல புடிச்சிடலாம். பி.காம் படிக்கற என் சித்தி பொண்ணு ஒரு டேபிள் பக்கை இப்படித்தான் தேடிப் புடிச்சா. பக்கக் கொண்டு வந்த கமிட்டோட நம்பர பக்ஜில்லால எழுதி, அந்த கமிட்ட போட்டவரையும் சேத்து விட்டா. ரெண்டே நாள்ல அவரே வந்து நன்றி சொல்லிட்டு சரி பண்ணிட்டாரு, இப்ப அவ அடுத்த பக்ல உக்காந்திருக்கா.