டேப்லெட்டில் அப்பாவுக்கு ஞாபகப் பரிசோதனை: நாங்கள் பட்ட பாடு

அப்பாவுக்கு 71 வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதையே திரும்பச் சொல்வது, கேஸ் அடுப்பை அணைக்க மறப்பது என்று நாலைந்து மாதம் ஓடியதும் பயந்துபோய், பரமக்குடியிலிருந்து மதுரைக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "டேப்லெட்லயே பார்த்துடலாம் சார், கேம் மாதிரிதான்" என்றார்கள்.

கண்ணாடி கொண்டுவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது வீட்டு அலமாரியில் கிடந்தது. பச்சை வட்டம் வந்ததும் தொட வேண்டும் என்பது முதல் விளையாட்டு. அப்பா டிக்கெட் மெஷின் பட்டனைப்போல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார். திரை அதைத் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தது 1, ஏ, 2, பி என்று மாற்றி மாற்றித் தொடுவது. ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியும். ஆனால் 'எஃப்'புக்கு அடுத்தது எது என்றால் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தால்தான் வரும். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தேடினார். மேலே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவது விளையாட்டில், "போதும்ப்பா, என்னால முடியல" என்று டேப்லெட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு. கண்ணாடி இல்லாமல் செய்தார் என்று சொன்னேன். "ரிப்போர்ட் வந்துடுச்சு, மாத்த முடியாது. திரும்ப டெஸ்ட் பண்ணணும்னா மறுபடி பணம் கட்டணும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அன்று ராத்திரி அப்பா யாரோடும் பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

பயத்தில், அவர்கள் சொன்ன மூளைப் பயிற்சி ஆப்புக்கு ஒரு வருஷச் சந்தா கட்டினேன். மூன்று வாரத்தில் ஸ்கோர் ஏறியது. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டேதான் இருந்தது. பிறகுதான் தேடிப் படித்தேன். 2010-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் இப்படி விளையாடியிருக்கிறார்கள். பழகிய விளையாட்டில் தேறினார்கள். பழகாத சோதனைகளுக்கு அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. நான் வாங்கியது வேறு ஆப்தான் என்றாலும், ஞாபகமறதியைத் தள்ளிப்போடும் என்ற ரீதியில் விளம்பரம் செய்ததற்காக லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப்பின் நிறுவனம் 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியிருக்கிறது. இதை முதலிலேயே படித்திருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும். இன்னொன்று: ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்யுங்கள்.

அடுத்து அரசு மருத்துவமனை. காலை ஏழு மணிக்கே வரிசை, ஆனால் அங்கிருந்த உளவியலாளர் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, கண்ணாடி போட்டிருக்கீங்களா? நான் பேசறது நல்லாக் கேக்குதா?" என்பதுதான். ராத்திரி தூக்க மாத்திரை போட்டாரா என்றும் விசாரித்தார். பிறகு மோகா என்கிற 30 மதிப்பெண் சோதனை, தாளில், தமிழில். பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டு, 12, 6, 3, 9 என்று முதலில் நாலு மூலையையும் குறித்துக்கொண்டு பொறுமையாக முள் வைத்தார். 24 வந்தது. படிப்பு 12 வருஷமோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்று கூட்டுவார்கள்; ஆக 25. சாதாரணம் என்பது 26-லிருந்து. ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் மிகவும் குறைவு என்று தெரிந்தது. அதுவே மறதியைக் கொண்டுவரும் என்றார் டாக்டர். ஊசி ஆரம்பித்தார்கள்.

டேப்லெட்டில்தான் பார்ப்போம் என்றால், எந்த மொழியில், ஒத்திகைச் சுற்று உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தொடுதிரையே பழகாதவருக்கு நொடிக் கணக்கு வைத்தால் வருவது ஞாபகக் கணக்கு இல்லை.

ஆறு மாதம் கழித்து, வேறு சொற்கள் உள்ள தாளில் மறுபடி பார்த்தார்கள். 27. நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் நாலைச் சொல்லிவிட்டார். விட்டுப்போன ஐந்தாவதை, ஊர் திரும்பும்போது பஸ் திருப்புவனம் தாண்டியதும், ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னிடம் சொன்னார்.