நெய்க் கணக்கு

2019 அக்டோபர் 4, வெள்ளி

கிட்னி கெட்ட அப்பா சாப்பிடக் கூடாதவற்றின் தாளைத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினேன். வாழைப்பழம், இளநீர், கொய்யா, உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை, பருப்பு, நிலக்கடலை, கருவாடு, நாப்பி (பர்மாக்காரர்களின் உப்பு மீன் விழுது), ஊறுகாய், அப்பளம், டின் பால். அடியில் பேனாவால் ஒரு வரி: நன்றாகச் சாப்பிட வைக்கவும்.

எதை வைத்து?

அக்டோபர் 6, ஞாயிறு

கரண்ட் போன பிறகு மெழுகுவத்தி ஏற்றிக் கணக்குப் போட்டேன். அப்பா 52 கிலோ. கிலோவுக்கு 30லிருந்து 35 கலோரி என்றார் ரங்கூன் டாக்டர். ஆக 1,560லிருந்து 1,820. புரதம் கிலோவுக்கு 0.6 கிராம்தான், நாளுக்கு 31 கிராமோடு நிறுத்த வேண்டும். தண்ணீர், டீ, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்.

வடித்த சோறு 100 கிராமில் 130 கலோரி, புரதம் 2.7. அப்பா நாள் முழுக்கத் தின்கிற சோறு 300 கிராம் இருந்தால் அதிகம். வந்தது 390. மீதி ஆயிரத்துச் சொச்சத்துக்கு எங்கே போவது? பருப்பில் இருக்கிறது, கடலையில் இருக்கிறது, பாலில் இருக்கிறது. எல்லாம் அந்தத் தாளிலும் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது, "குறைச்சுப் போடு, கிட்னிக்கு ஓய்வு கிடைக்கும்" என்று. டாக்டர் சொன்னது நேர் எதிர். கலோரி போதாவிட்டால் உடம்பு தன் சதையையே கரைத்து எரிக்குமாம். அந்தச் சதையும் புரதம்தானே, எரிந்தால் வருவது அதே யூரியா, கெட்ட கிட்னி வெளியே தள்ள முடியாத கழிவு. மீன் தொடாமல், முட்டை தொடாமல், வெறும் பட்டினியிலேயே ஒரு மனிதனுக்கு யூரியா ஏறும்.

மிச்சம் இருப்பது எண்ணெய், நெய், சீனி, சவ்வரிசி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, கிட்னியைத் தின்றது பிரஷர். அந்த மட்டில் சீனி டப்பா எங்கள் பக்கம்.

அக்டோபர் 8, செவ்வாய்

விஜயதசமி. கோயிலில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார்கள். அப்பா பயபக்தியாக வாங்கி, அப்படியே என் கையில் கொட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

அக்டோபர் 10, வியாழன்

எடை 52.8. அப்பாவுக்கு ஏகச் சந்தோஷம், "தேறிட்டேன் பாத்தியா ஆத்தா" என்கிறார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். பள்ளம் விழுந்தது, மேலெழ நேரமாயிற்று. ஏறினது நீர்தான். தராசை நம்பி லாபமில்லை. தையல் டேப்பை எடுத்து மேல்கையைச் சுற்றினேன்: 24.5 சென்டிமீட்டர். இனி இதுதான் என் தராசு. "சட்டையா தைக்கப் போற?" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தடிஞ்ஜுட் பௌர்ணமி, பர்மாக்காரர்களின் விளக்குத் திருநாள். தெரு முழுக்க விளக்கு. பக்கத்து வீட்டு பர்மிய அக்கா, அமாஜீ, பெரிய பாத்திரத்தில் மொஹிங்கா (மீன் குழம்பில் நூடுல்ஸ்) கொண்டுவந்தார். வாசம் வந்ததுமே அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். புரட்டாசி என்பதால் அவருக்கு எப்படியும் கிடையாது. ஆனால் புரட்டாசி முடிந்தாலும் கிடையாது: வாழைத்தண்டு, மீன், கடலை மாவு, மீன் சாறு. ஒரே கிண்ணத்தில் பாதித் தாள்.

சாயந்தரம் வியாசர்பாடி அத்தை போனில். 1965ல் பர்மாவிலிருந்து கப்பலேறிப் போனவர், இன்னும் இங்கே மோல்மேனில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்தாக வேண்டும். "வாழைத்தண்டுச் சாறு குடு, கல்லெல்லாம் கரைஞ்சிரும்." அத்தை, இது கல் இல்லை. வாழைத்தண்டில் பொட்டாசியம், கெட்ட கிட்னி அதை வெளியே தள்ளாது. "சரி, கஞ்சியாவது குடு, லேசா இருக்கும்." அந்தக் கஞ்சிதான் எனக்கு முதல் எதிரி. ஒரு டம்ளர் கஞ்சியில் 25 கிராம் அரிசி இருந்தால் 90 கலோரி. வயிறு ரொம்பிவிடும், ஒரு லிட்டர் தண்ணீர்க் கணக்கில் கால் லிட்டரும் காலி. இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்ல? "சரிங்கத்தை" என்று வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிந்தால் காய் ஊறப்போடும் வேலை. தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம். கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். பொட்டாசியம் போகிறது, ருசியும் கூடவே போகிறது. தீபாவளிக்குப் பதினேழு ரவிக்கை பாக்கி.

அக்டோபர் 16, புதன்

காலையிலிருந்து ஓங்கரிப்பு. வாயில் செம்புக்காசு வைத்த மாதிரி இருக்கிறதாம். நாள் முழுக்க 400 வந்திருக்குமா தெரியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஐப்பசி பிறந்தது. முட்டை வெள்ளைக்கரு இரண்டு, எண்ணெய் தாராளமாக விட்டுப் பொரித்தது. நல்ல புரதம், பாஸ்பரஸ் கம்மி. மஞ்சள் கரு எனக்கு. நான் பெருத்துக்கொண்டே போகிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அமாஜீ அடுப்படிக்கே வந்து நின்று சொல்லிக்கொடுத்தார். வெங்காயம், பூண்டு, இஞ்சி அரைத்து, மஞ்சள் போட்டுக் கடலை எண்ணெயில் நிதானமாக வதக்குவது. தண்ணீரெல்லாம் சுண்டி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை விடக்கூடாது. இத்தனை வருஷமும் இந்த எண்ணெயைப் பார்த்து "பர்மாக்காரன் குழம்பு இல்ல, குளியல்" என்று கேலி செய்தவர் அப்பா. இன்றைக்குச் சுரைக்காயை அதில் போட்டு, மீன் சாறும் அஜினமோட்டோவும் இல்லாமல் இறக்கினேன். (அஜினமோட்டோவிலும் சோடியம்தான். அமாஜீக்கு மனசே ஆறவில்லை.) கடலை கூடாது, கடலை எண்ணெய் கூடும். பெரிய ஸ்பூனுக்கு 120 கலோரி, புரதம் சுத்தமாக இல்லை. மூன்று ஸ்பூன் உள்ளே போயிற்று. சோற்றைப் பிசைந்தபோது விரலெல்லாம் மினுமினுத்தது. இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

நோட்டில் 1,480 என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

தம்பியின் பெட்டி சிங்கப்பூரிலிருந்து. இரண்டு டின் புரதப் பவுடர், ஒரு பாக்கெட் "சோடியம் குறைந்த" உப்பு. பவுடர் இரண்டு கரண்டி போட்டால் நாளின் கோட்டாவே தீரும். உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு, விஷத்தை அழகாகப் பாக்கெட் போட்டிருக்கிறார்கள். அவனைத் திட்ட முடியாது, கடையில் நின்று இருப்பதிலேயே விலை கூடினதைப் பொறுக்கியிருப்பான். நெய் அனுப்புடா என்று மெசேஜ் போட்டேன். "நெய்யா??" என்று கேட்டிருக்கிறான்.

ரத்த ரிசல்ட்: பொட்டாசியம் 5.9லிருந்து 5.1. அல்புமின், ரத்தத்தில் இருக்கிற புரதம், 3.2லேயே நிற்கிறது.

மேல்கை 24.2.

அக்டோபர் 23, புதன்

24.2. டேப் வழுக்கியதோ என்று மூன்று தடவை பார்த்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

தெருமுனை வீட்டுப் பையன் ஒரு பை நிறைய நட்சத்திரப் பழம் கொண்டுவந்து வைத்திருக்கிறான், நான் ஜாக்கெட் டெலிவரிக்குப் போயிருந்த நேரம். வந்தபோது அப்பா கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதில் ஒரு நஞ்சு உண்டு, நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், இவருக்குத் தள்ளாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, சாவு வரைக்கும் போயிருக்கிறது. தாளில் இதை யாரும் எழுதவில்லை. சிவப்பு மையில் முதல் வரியாக எழுதினேன்.

ரொம்பக் கத்திவிட்டேன். ராத்திரி சாப்பிடவில்லை இருவரும்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் வெல்லம் இல்லாமல் சீனிப் பாகில். வெல்லத்தில் பொட்டாசியம் உண்டு, வெள்ளைச் சீனியில் இல்லை. நிறம் வெளுப்பு, பார்க்கச் சோகை பிடித்தது மாதிரி. ஐந்து தின்றார்! டாக்டர் எழுதிக் கொடுத்து அதிரசம் தின்கிற ஒரே ஆள் மோல்மேனில் தானாம், வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 1,900 தாண்டியது.

அக்டோபர் 28, திங்கள்

கந்த சஷ்டி ஆரம்பம். "ஆறு நாளும் ஒருபொழுதுதான், எங்கப்பா காலத்துலேர்ந்து விட்டதில்ல."

"உங்கப்பாவுக்குக் கிட்னி இருந்துச்சுப்பா."

"முருகன்கிட்டப் போயி ஒன் நோட்டக் காட்டு."

காலை பூராவும் பேச்சு இல்லை. பத்து மணிக்கு நானே இறங்கி வந்தேன். விரதத்தில் சோறுதானே ஒரு வேளை, பலகாரம் உண்டே. சவ்வரிசி 60 கிராம் 210 கலோரி, சீனி 30 கிராம் 120, நெய் 20 கிராம் 180. ஒரு கிண்ணம் 510. பால் வேண்டாம், ஏலக்காய் போதும். காலையும் ராத்திரியும் கிண்ணம், மத்தியானம் எண்ணெய் மிதக்கும் குழம்போடு சோறு. கூட்டினால் 1,700 வருகிறது. விரதம் இல்லாத நாளைவிட அதிகம்.

புரதம்தான் இடிக்கிறது. டாக்டருக்குப் போன் செய்து, பாசிப்பருப்பு 30 கிராம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துப் போட அனுமதி வாங்கினேன், தயிர் 100 கிராம். அப்படியும் 18 கிராம். ஆறு நாள் தாங்கும் என்கிறார் டாக்டர். தாங்குமா?

அக்டோபர் 31, வியாழன்

சவ்வரிசி சலித்துவிட்டதாம். உப்புமாவாகத் தாளித்தேன், உப்பு இல்லாமல், எலுமிச்சை இரண்டு சொட்டு. "உப்பில்லாத உப்புமா" என்று சிரித்தார், பாதி வைத்துவிட்டார். மீதிக்கு நெய்யை உருக்கிக் குடிக்கச் சொல்லவா முடியும்?

நவம்பர் 2, சனி

சூரசம்ஹாரம். கோயிலில் ஒரு மணி நேரம் நின்றார், நாற்காலி வேண்டாம் என்றார். மேல்கை 24.4. கால் வீக்கம் குறைவு. எடை 51.6, அதைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

ரங்கூன் பஸ் ராத்திரி. டயாலிசிசுக்குக் கையில் இப்போதே வழி செய்துவைப்பதா என்று இந்தத் தடவை பேசுவார்களாம். அப்பா அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பஸ் நிற்கிற கடைகளில் நாப்பி இல்லாத, உப்புக் குறைந்த எதுவும் கிடைக்காது. அதிரசம் எட்டு, ஒரு டப்பா எண்ணெய்ச் சோறு, சவ்வரிசி வடை, சீனி, மாத்திரைப் பை, டேப். நெய் டப்பாவின் மூடி இறுகவே மாட்டேன் என்கிறது, ரப்பர் பேண்டு தேட வேண்டும்.