எல் லாகோவில் ஒரு சமையலறை மேசை

ஹூஸ்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. வீடு, நாசா மையத்துக்குப் பக்கத்து ஊரான எல் லாகோவில். இவருக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. எனக்கு டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போக முடியாது. அம்மா வீடியோ காலில் கூப்பிட்டால் முகம் கழுவிக்கொண்டுதான் எடுப்பேன். "நல்லா இருக்கேம்மா."

இவர் முதல் தடவை கிளம்பிய வாரம், எதிர்வீட்டுப் பாட்டி ஒரு விஷயம் சொன்னார். 1960-களில் விண்வெளி வீரர்கள் நீல் ஆர்ம்ஸ்ட்ராங், எட் வைட், ஃபிராங்க் போர்மன் குடும்பங்களெல்லாம் இந்த ஊரில்தான் இருந்தனவாம். அப்புறம் அந்த மனைவிமாரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மனதில் நின்றுவிட்டவர் சூசன் போர்மன்.

1967 ஜனவரியில் அப்போலோ 1 விண்கலத் தீவிபத்தில் எட் வைட் இறந்தார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அடக்கம் செய்யவேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அதிகாரிகளோ ஆர்லிங்டன் தேசியக் கல்லறை என்று முடிவெடுத்துவிட்டார்கள். துக்கத்தில் கிடந்த மனைவி பேட் வைட்டுக்காகப் போர்மன்தான் போராடி அதை மாற்றினார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடவா தோன்றவில்லை! சூசன் அதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தார்.

1968 டிசம்பர் 21 அன்று போர்மன் அப்போலோ 8-இல் நிலவைச் சுற்றக் கிளம்பினார். உயிரோடு திரும்ப எவ்வளவு வாய்ப்பு என்று சூசன் கேட்டதற்கு, நாசாவின் கிறிஸ் கிராஃப்ட் சொன்ன பதில்: பாதிக்குப் பாதி. வீட்டில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருந்தார்கள். விண்கலத்தோடு நடக்கும் பேச்சு அதில் கேட்கும். கலம் நிலவின் மறுபக்கம் போய்விட்டால் பெட்டியும் ஊமை. வாசல் முழுக்கப் பத்திரிகைக்காரர்கள். வெளியே வந்தால் பெருமை, பூரிப்பு, மகிழ்ச்சி என்று சிரித்தபடி சொல்லவேண்டும். உள்ளே, சமையலறை மேசையில் உட்கார்ந்து, கணவருக்கான இரங்கலுரையை எழுதிக்கொண்டிருந்தார் சூசன்.

போர்மன் 27-ஆம் தேதி பத்திரமாகத் திரும்பினார். வருஷக்கணக்கில் அடக்கி வைத்த பயம் சூசனைக் குடியில் கொண்டுபோய் விட்டது. சிகிச்சை எடுத்து மீண்டார். வயதான காலத்தில் மறதி நோய் வந்தபோது, மொன்டானாவில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் போர்மன்தான். 2021-இல் சூசன் இறந்தார்.

நேற்று இவர் மறுபடி கிளம்பினார். ராத்திரி சாப்பாட்டு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். முகம் கழுவாமலே எடுத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"சாப்டியாடி?"

"இல்லம்மா."