ஒரு சாண் தூரம்: எங்கள் வளவில் மினியேச்சர் சந்திப்பு நடத்திய அனுபவம்

மினியேச்சர் எனப்படும் குட்டிப் பொம்மை உருவங்களுக்கு வர்ணம் தீட்டுவது எங்கள் பொழுதுபோக்கு. 32 மி.மீ. உயரமுள்ள ஒரு உருவத்தின் கண்ணில் வைத்திருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பார்க்க வேண்டுமானால், ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோக வேண்டும். வர்ணம் தீட்டுகிற எல்லோருக்கும் இது கை வந்த விஷயம். ஆனால் நாற்பது பேரை வரவழைத்து, நூற்றுச் சொச்சம் உருவங்களைக் காட்சிக்கு வைத்து, கூடவே வகுப்பும் நடத்தப் போகிறோம் என்றால், மேசை அகலம், விளக்கு, வகுப்புக்கு எத்தனை பேர், சாப்பாட்டு நேரம் எல்லாமே அந்த ஒரு சாணைப் பொறுத்துத்தான் அமைகின்றன. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் போன டிசம்பர் கடைசியில் இரண்டு நாள் சந்திப்பு நடத்தினோம். இதுபோல நடத்த நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் இடம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் வீடு சும்மா இருக்கும். வெயிலும் தாங்கும்படி இருக்கும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும், வகுப்பு எடுக்கவே முடியாது. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. எங்கள் வீட்டில் ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பங்கு. ஆளுக்கொரு இரட்டை வீடு என்கிற ஜோடி அறை, ஆளுக்கொரு சாவி. போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும் என்று, முந்தின வருடம் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் கூடியபோதே கேட்டுவிட்டேன். நான் தீட்டிய நாலு உருவங்களை வளவில், அதாவது நடு முற்றமும் தாழ்வாரமுமான பகுதியில், வைத்துக் காட்டினேன். சென்னையில் இருக்கும் சித்தப்பா ஒருவர் மட்டும், "ஆத்தங்குடிக் கல்லுல பெயின்ட் கொட்டுனா யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற சிமென்ட் கல் அது, ஆசிட் பட்டால் போச்சு. மேசைக்கடியில் சாக்கு விரித்து அதன்மேல் பாய் போடுவேன், தின்னரை வீட்டுக்குள் கொண்டுவரவே விடமாட்டேன், தண்ணீரில் கரையும் பெயின்ட் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சரி என்றார்கள்.

அப்புறம் வெளிச்சம். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் வளவின் வடக்குத் தாழ்வாரத்தில் நேர்வெயில் விழும். தெற்குத் தாழ்வாரத்தில் வெயில் எட்டிப் பார்க்காது, ஆனால் வானத்து வெளிச்சம் காலை எட்டரையிலிருந்து நாலரை வரை ஒரே சீராக வரும். வகுப்பு மேசைகளைத் தெற்கில் போட்டோம். நிழல் தூரிகைமேல் விழாதபடி, வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருமாறு நாற்காலிகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டோம். இதற்காக முந்தின வாரம் ஒரு நாள் முழுக்க வளவில் உட்கார்ந்து, மணிக்கொரு தடவை தரையில் சாக்பீஸால் வெயில் கோடு போட்டுப் பார்த்தேன். செலவில்லாத வேலை. இரண்டு நாளும் அதிகமாகக் கைகொடுத்தது அதுதான்.

காட்சிக்கு வடக்குத் தாழ்வாரத்தை ஒட்டிய பட்டாலை என்கிற கூடத்தை ஒதுக்கினோம். அங்கே வெயிலும் இல்லை, வெளிச்சமும் போதாது. கணக்கு இப்படிப் போட்டேன்: ஒரு உருவத்துக்கு 15 செ.மீ. சதுர இடம். வாடகைக் கடையில் கிடைக்கும் ஆறடி மேசையில் ஒரு வரிசைக்கு 12, இரண்டு படி வைத்தால் 24. ஆளுக்கு மூன்று உருவம் என்று வைத்துக்கொண்டால் நாற்பது பேருக்கு 120. ஆக ஐந்து மேசை. டயோராமா எனப்படும் பெரிய காட்சி அமைப்புகளுக்கு இன்னொன்று. காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது. ஐந்து மேசையையும் இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் மூன்றடி வழி விட்டிருந்தேன்.

பெரியாத்தா வந்து பார்த்துவிட்டு, "ஏய்யா, இந்தப் பக்கம் ஒருத்தர் குனிஞ்சா, அந்தப் பக்கம் குனியிறவரை இடிக்க மாட்டாரா?" என்றார்கள்.

பெரியாத்தாவுக்கு இந்த உருவங்கள் எதுவென்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வீட்டில் பரப்பி வைப்பது ஒரு பெரிய வேலை. வெள்ளி, எவர்சில்வர், பித்தளை, பீங்கான், கொட்டான் என்று வகைவாரியாக, வருகிறவர்கள் ஒரு பக்கம் நுழைந்து ஒன்றையும் தட்டாமல் மறுபக்கம் போகும்படி வைக்க வேண்டும். எத்தனையோ கல்யாணங்களில் சாமான் பரப்பியவர்கள் அவர்கள். மேசைகளைச் சுவரோரமாக ஒரே வரிசையில் போடச் சொன்னார்கள். மேசை உயரமும் பற்றாது என்றார்கள். "கொண்டைய மட்டும் பாக்கவா இவ்வளவு தூரம் வாராக?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டரை அடி மேசையில் வைத்தால் உருவத்தின் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. மேசைக்காலுக்கடியில் செங்கல் அடுக்கி, மேலே மரப்பலகைப் படி வைத்து, மேல்வரிசையை நாலடி உயரத்துக்குக் கொண்டுவந்தோம். ஓரத்தில் ஒரு மேசையை மட்டும் செங்கல் வைக்காமல் விட்டோம், சிறுபிள்ளைகள் தீட்டியவற்றுக்கு.

விளக்கில் பட்ட பாடு தனி. பட்டாலையில் ஏற்கெனவே மஞ்சள் பல்பும் டியூப் லைட்டும் கலந்து இருந்தன. அந்த வெளிச்சத்தில் ஒரு நீலப் போர்வை பாதி சாம்பலாகவும் பாதி பச்சையாகவும் தெரிந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே வகை எல்.இ.டி. பட்டை வாங்கிப் போட்டோம். பெட்டியில் நிறத்தரம் (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடத்தான். அதைச் சுவர்ப்பக்கம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் பார்ப்பவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும், உருவத்தின் முகம் இருட்டாகும். மேசையின் முன்விளிம்புக்கு மேலே, குனிகிறவர் தலைக்கும் உருவத்துக்கும் நடுவில் வர வேண்டும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த எங்கள் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும், பட்டை வெளிச்சம் அதில் விழுந்து இன்னொரு விளக்கு மாதிரி எரிந்தது. சாம்பல் நிறப் பருத்தித் துணியைப் பின்னால் தொங்கவிட்டதும் சரியாயிற்று. கண்டாங்கிச் சேலையைப் பின்புலமாகப் போடலாம் என்று நண்பர் ஒருவர் ஆசைப்பட்டார். அழகுதான், ஆனால் அந்த அரக்கும் கட்டமும் கண்ணை இழுத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் சின்ன உருவம் தோற்றுப்போகும். கண்டாங்கியை முகப்பில் பதிவு மேசைக்கு விரித்தோம்.

வகுப்புகள் நாலு. புதியவர்களுக்கு அடிப்படை, தோல் நிறம், உலோக நிறமில்லாமலே உலோகம் போலத் தீட்டுவது, கடைசியாக பேஸ், அதாவது உருவம் நிற்கும் அடித்தளம் செய்வது. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஆளுக்கு 350 ரூபாய், அதிலேயே உருவமும் அடங்கும். உருவங்களுக்கு முன்கூட்டியே பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து வைக்க வேண்டும். மார்கழிக் காலையில் ஏழு மணிக்கு முற்றத்தில் நின்று ஸ்பிரே அடித்தேன். பனி ஈரத்தில் பிரைமர் பொரிபொரியாக, மாவு தூவியது போல் படிந்தது. பன்னிரண்டு உருவங்கள் வீண். மிச்சத்தைப் பதினொரு மணி வெயிலுக்குப் பிறகு, வீட்டுக்குப் பின்னால் வைத்து அடித்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

வகுப்புக்குப் பதினாறு இடம் திறந்திருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. முதல் வகுப்பில் ஆசிரியரைச் சுற்றி நின்றவர்களில் ஐந்து பேருக்குத்தான் தூரிகை நுனி தெரிந்தது. செல்போனை ஸ்டாண்டில் மாட்டி டிவியில் காட்டினோம். அடிப்படை வகுப்புக்கு அது போதுமானதாக இருந்தது. தோல் நிற வகுப்புக்கு உதவவில்லை. நம் ஊர்த் தோல் நிறத்துக்கு அரக்குப் பழுப்பில் தொடங்கி, நிழலில் ஊதா, மேட்டில் காவி கலந்து கிளேசாக ஏற்றுவதை அவர் காட்டிக்கொண்டிருந்தார். கிளேஸ் என்றால் தண்ணீர் மாதிரி மெல்லிய பூச்சு, பத்துப் பதினைந்து தடவை போட வேண்டும். செல்போன் கேமரா தானாக நிறத்தைத் திருத்திக்கொண்டதால் டிவியில் ஊதாவே தெரியவில்லை. உடனே வகுப்பை நிறுத்தி, எட்டெட்டுப் பேராக இரண்டு குழுவாகப் பிரித்தோம். அதே பாடத்தை அவர் இரண்டு முறை எடுத்தார், இரண்டு வகுப்புக்கான பணத்தையும் கொடுத்தோம். இனி எட்டுக்கு மேல் ஒரு இடம்கூடத் திறக்க மாட்டேன்.

அதே வகுப்பில் மறக்க முடியாத ஒன்றும் நடந்தது. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் எந்த இடம் மேடு, எந்த இடம் நிழல் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர், எல்லோரையும் எழுப்பி முகப்புக்குக் கூட்டிப்போனார். நிலைக்கதவுக்கு மேல் கஜலட்சுமி செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் சாண் உயரப் பெண்கள் நிற்கிறார்கள். ஏணியில் ஏறி டார்ச்சை மேலிருந்து பிடித்தார். நெற்றி, மூக்குத்தண்டு, கீழுதடு, தோள் மட்டும் வெளிச்சமாயின. கண்குழியும் தாடைக்கடியும் கறுத்தன. சேலை மடிப்பு ஒவ்வொன்றும் கோடாக எழும்பியது. டார்ச்சைக் கீழே இறக்கியதும் அதே முகம் வேறு முகமாகிவிட்டது. தேக்கில் இதைச் செதுக்கியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தக் கதவு வழியே போய் வருகிறேன், அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

பேஸ் வகுப்பு அழுக்காகும் என்பதால் இரண்டாங்கட்டில் வைத்தோம். எங்கள் ஊர்ச் செம்மண்ணைச் சல்லடையில் மூன்று தடவை சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து வைத்திருந்தேன், பூச்சி இருந்தால் பிறகு பேஸ் முழுக்கக் கெட்டுவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முதலில் தடவி, மேலே மண்ணைத் தூவி, உதிர்ந்த சருகுக்குக் காய்ந்த தேயிலைத் தூள். கடையில் வாங்கும் பொடியைவிட நன்றாக அமைந்தது.

நேரப் பட்டியலில் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை உருவங்களை ஒப்படைக்கும் நேரம், பத்து மணிக்கே வகுப்பு. வகுப்பு எடுத்தவர்கள் தங்கள் உருவங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவே நேரமில்லாமல் போனது. பகல் முழுக்க எல்லோரும் வகுப்பில், பட்டாலையில் ஆளே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பவர் ஒரு உருவத்தின் முன் இரண்டு நிமிடமாவது நிற்பார், வரிசை நகரவே இல்லை. அந்த நெரிசலில் திருநெல்வேலியிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தியின் உருவம் சாய்ந்து வாள் உடைந்தது. அவள் அழவில்லை, ஆனால் முகம் வாடிப்போனது. சூப்பர் குளூவும் கைத்துளையானும் வைத்து, மெல்லிய கம்பி செருகி, இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ஒருவர் ஒட்டிக் கொடுத்தார். உயரமான உருவங்களுக்கு அடியில் ஒட்டுப்புட்டி வைக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தும் நான் செய்யவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை அன்றிரவே மாற்றினோம். ஒன்பது முதல் பதினொன்று வரை வகுப்பு, பதினொன்று முதல் ஒன்று வரை காட்சி மட்டும், இரண்டரைக்கு மேல் அடுத்த வகுப்பு. நிம்மதியாக நடந்தது. இடையில் ஒரே ஒரு முறை மின்சாரம் போனது. ஏர்பிரஷ் கம்ப்ரஸர் ஓடிய அதே லைனில் யாரோ தண்ணீர் கெட்டிலை மாட்டிவிட்டார்கள். விளக்குகளுக்குத் தனி லைன், அடுக்களைக்குத் தனி லைன் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். வெள்ளைப் பணியாரம் சாப்பிட்ட கையோடு உருவத்தைத் தொட்டால் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, அதற்காக முற்றத்துக் குழாயடியில் சோப்பும் துண்டும் வைத்தோம். காபி எவர்சில்வர் டம்ளரில், தூரிகைத் தண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில் என்பதையும் கடைசி வரை மாற்றவில்லை.

பரிசுக்கு முதல், இரண்டு, மூன்று வைக்கவில்லை. இங்கிலாந்தில் 1987-ல் தொடங்கிய கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் தீட்டும் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்கள்தான். நெதர்லாந்தின் ஸ்கேல் மாடல் சேலஞ்ச், டெக்சாஸின் ரீப்பர்கான் போன்றவற்றில் ஒவ்வொரு உருவத்தையும் தனியாக எடைபோட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருவார்கள். தரம் இருந்தால் பத்துப் பேருக்கும் தங்கம் கிடைக்கும். நாங்கள் இரண்டாவது முறையை எடுத்துக்கொண்டோம். முதன்முதலாகத் தீட்டியவரையும் இருபது வருடமாகத் தீட்டுபவரையும் வரிசைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நடுவர்கள் மூவரும் ஒவ்வொருவரிடமும் எது நன்றாக இருக்கிறது, அடுத்து எதைப் பழக வேண்டும் என்று உட்கார்ந்து பேசினார்கள். பலர் வகுப்பைவிட அதற்காகவே வந்தேன் என்றார்கள்.

ஒப்படைப்புக்குக் கணினி வேண்டாம் என்று பெரியாத்தா சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. சாமான் பரப்பும்போது நோட்டில் எழுதுவது போல, ஒவ்வொரு உருவத்துக்கும் எண், பெயர், ஏற்கெனவே இருக்கும் உடைசல், கையெழுத்து. திரும்ப வாங்கும்போது இன்னொரு கையெழுத்து. சென்னைக்காரர்கள் காலையில் பல்லவன் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஞாயிறு இரவே வாங்கிக்கொண்டார்கள். ஊருக்குக் கொண்டுபோக, பேஸுக்கடியில் காந்தம் ஒட்டி டப்பாவில் நிறுத்துவது வழக்கம். எவர்சில்வர் டப்பா கொண்டுவந்த இருவருக்குக் காந்தம் பிடிக்கவே இல்லை, பெரும்பாலான எவர்சில்வரில் பிடிக்காது. பழைய தகர பிஸ்கட் டப்பாக்கள் மச்சில் கிடந்தன, எடுத்துக் கொடுத்தோம்.

திங்கள்கிழமை சாக்குகளை உதறியபோது தெற்குத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு கல்லில் ஊதாச் சொட்டு ஒன்று காய்ந்து கிடந்தது. வெந்நீர்த் துணியை அரைமணி நேரம் போட்டு, நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன், அப்புறம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கல்லை போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அடுத்த வருடத் தேதியை நோன்புத் தேதி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பதில் போட்டிருந்தார்.