தாமஸ் சாசரின் தகப்பன் பெயரைத் தேடி எட்டு மாதம்

மதிப்பெண் பரவாயில்லை. ஆனால் கட்டுரையின் மூன்றாம் பக்க ஓரத்தில் வழிகாட்டி சிவப்பு மையில் “ஆறு அல்ல, ஐந்து” என்று எழுதியிருந்தார். அது இன்னும் உறுத்துகிறது. அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று அப்புறம் சொல்கிறேன்.

லண்டனில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் ஒரு வரலாற்றுப் படிப்பில் சேர்ந்திருந்தேன். கடைசிப் பருவத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். 1500-க்கு முந்தைய ஓர் ஆங்கிலேய நில உடைமையாளரை எடுத்துக்கொண்டு, அவருடைய வம்சாவளியையும் பதவி வாழ்க்கையையும் மூல ஆவணங்களை வைத்து எழுத வேண்டும். மற்றவர்கள் யாருக்கும் தெரியாத கிராமத்துச் சீமான்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு தாமஸ் சாசரை எடுத்தேன். கவிஞர் ஜெஃப்ரி சாசரின் மகன். அப்பாவே இவ்வளவு பிரபலம் என்றால் வம்சாவளி தட்டில் வைத்து வந்துவிடும் என்று கணக்கு.

நம்மூரில் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் முதல் கட்டம் பெயர், இரண்டாவது தகப்பன் பெயர். அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்பத்தான் எனக்கு எட்டு மாதம் ஆனது.

முதல் சறுக்கல் ‘சர்’. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பல இடத்தில் ‘சர் தாமஸ் சாசர்’ என்று இருந்தது. நானும் அந்தப் பட்டத்தோடு தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. ‘சர்’ நைட் பட்டம் பெற்றவருக்குத்தான். மனிதர் கடைசி வரை அதற்கு ஒரு படி கீழான எஸ்குயர்தான், லத்தீன் ஆவணங்களில் ‘அர்மிகர்’. மகள் ஏர்ல் என்ற உயர் பட்டம் கொண்ட பிரபுவுக்கு மனைவியான பிறகும் இவர் நைட் பட்டம் வாங்கவில்லை. தேடும்போது பட்டத்தை விட்டுவிடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலையும் நம்பாதீர்கள். சாசர், சாசியர், சாசர்ஸ் என்று எழுத்தர் கைக்கு வந்தபடி இருக்கும்.

பதவி வாழ்க்கை ஒப்பீட்டளவில் சுலபம். 1386 முதல் 1421 வரையிலான நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1399-இல் வாலிங்ஃபோர்ட் கோட்டையின் காவல் அதிகாரி, 1402-இல் அரசரின் தலைமை பட்லர் (அரண்மனை மதுவுக்குப் பொறுப்பான அதிகாரி), ஆக்ஸ்போர்டுஷயரின் உறுப்பினர், மக்களவை சபாநாயகர். இதையெல்லாம் ஒரு வார இறுதியில் முடித்துவிட்டேன்.

முடித்துவிட்டேன் என்று நினைத்ததுதான் வினை. ஒரு பழைய பட்டியலில் அவர் 1409 நாடாளுமன்றத்தில் சபாநாயகர் என்று இருந்தது, இன்னொன்றில் 1410 என்று. 1407, 1409, 1410, 1411, 1414, 1421 என்று எண்ணி ஆறு முறை என்று எழுதிவிட்டேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். ஜனவரியில் கூடிய அந்த நாடாளுமன்றம் அவர்கள் கணக்கில் 1409, நம் கணக்கில் 1410. இரண்டும் ஒன்றேதான். நம் வீட்டில் தைக்கும் சித்திரைக்கும் நடக்கிற சண்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

போதாததற்கு ஆவணங்களில் ஆண்டே இருக்காது, அரசர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது வருடம் என்றுதான் இருக்கும். நான்காம் ஹென்றி 1399 செப்டம்பர் 30-இல் தொடங்குகிறார், ஆறாம் ஹென்றி 1422 செப்டம்பர் 1-இல். தாமஸ் இறந்த 1434 நவம்பர் ஆறாம் ஹென்றியின் பதிமூன்றாம் ஆண்டு. வெறுமனே கழித்தால் பன்னிரண்டு என்று வரும், ஏமாறாதீர்கள். ஆட்சியாண்டு அட்டவணை ஒன்றை அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வம்சாவளிக்கு வருகிறேன். நில உடைமையாளர் ஒருவர் இறந்தால், அவர் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவராக இருந்தால், எஸ்கீட்டர் என்ற அதிகாரிக்கு உத்தரவு போகும். அவர் உள்ளூர் ஆட்களைக் கூட்டி, என்னென்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, எந்தத் தேதியில் இறந்தார், வாரிசு யார், வயது என்ன என்று சத்தியம் வாங்கிக் கேட்பார். நம் வாரிசுச் சான்றிதழ் விசாரணைதான், கிராம நிர்வாக அலுவலர் இடத்தில் எஸ்கீட்டர். ஆறாம் ஹென்றி காலத்தவை லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசியக் காப்பகத்தில் ‘சி 139’ என்ற வரிசையில் இருக்கின்றன. அங்கே நுழைவு அட்டை, முன்பதிவு, பென்சில் மட்டும் என்பதெல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது. ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சிக்கல் ஆவணங்கள் எழுதப்பட்ட தோலில்தான் இருந்தது. போன நூற்றாண்டுகளில் மங்கிய எழுத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லிக்கொண்டு சுருள்களின் மேல் மாசிக்காய்ச் சாறு தடவும் வழக்கம் இருந்திருக்கிறது. ஆமாம், நாட்டு மருந்துக் கடையில் குழந்தைக்கு வாங்குவோமே, அதே மாசிக்காய். தடவிய அன்று எழுத்து தெளிந்திருக்கும், இன்று அந்த இடம் முழுக்கக் கருந்திட்டு. எனக்கு வேண்டிய வரிகளில் பாதி அப்படி ஒரு திட்டுக்குள் கிடந்தன. புற ஊதா விளக்குக்குக் கீழே குனிந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். அச்சில் வந்திருக்கும் ஆங்கிலச் சுருக்கங்களை முதலில் படித்துவிட்டு மூலத்துக்குப் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

இவ்வளவுக்கும் அங்கே கிடைத்தது மகள் பெயர். ஆலிஸ், சஃபோக் ஏர்லின் மனைவி. வாரிசு விசாரணை கீழ்நோக்கித்தான் பார்க்கும், இறந்தவரின் அப்பா யார் என்று எவரும் கேட்கவில்லை. வயதையும் ‘இத்தனையும் அதற்கு மேலும்’ என்று ரவுண்டாகத்தான் போடுவார்கள், அதை வைத்துப் பிறந்த வருடம் கணிப்பவர்கள் துணிச்சல்காரர்கள். இன்னொன்று, ஆக்ஸ்போர்டுஷயரின் யூவெல்ம் கிராமம் உட்பட முக்கியமான நிலங்கள் மனைவி மாட் பர்கர்ஷ் வழியாக வந்தவை. ஆகவே தாய்ப்பத்திரம் தேடிப் போனால் மாமனார் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

அடுத்து ஒரு மாவட்டக் காப்பகம். பெயர் வேண்டாம். தாமஸின் மேனர் (பிரபுவின் பண்ணை நிலம்) ஒன்றின் நீதிமன்றச் சுருள் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டேன், ‘இருக்கிறது’ என்று பதில் வந்தது. விடுப்பு போட்டு, நாற்பது பவுண்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்துப் போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் கணினியைப் பார்த்தபடியே, “அது வெளிக் கிடங்கில் இருக்கிறது. மூன்று வேலை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்” என்றார்.

மின்னஞ்சலைக் காட்டினேன்.

“இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறோம். இங்கே இருக்கிறது என்று எழுதவில்லையே.”

எனக்கு வாயே வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி போனேன். இந்த முறை சுருள் வந்தது. வேலி தாண்டிய பன்றி, தண்ணீரைக் கலக்கிய எவனோ, வரி கட்டாத விதவை என்று ஊர்க்கதை முழுக்க இருந்தது, நிலப் பிரபு மட்டும் வெறும் ‘பிரபு’. சாசர் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. நீங்கள் போகும் முன் எண், கட்டடம், தேதி மூன்றையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரயிலில் திரும்பி வரும்போது, கடுப்பில், மேலிருந்து கீழே வரலாமே என்று தோன்றியது. கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கினேன். பெரும் பலன் கிடைத்தது. ராபர்ட் மாலின் என்பவர்தான் சாசர் என்ற பெயரோடு முதலில் தெரிகிறார், இப்ஸ்விச்சிலிருந்து லண்டனுக்கு வந்து மது வியாபாரத்தில் நுழைந்த குடும்பம். அவர் மகன் ஜானும் மது வியாபாரி, அரச பட்லரின் கீழ் சவுத்ஹாம்ப்டனில் வேலை பார்த்தவர். அவர் மகன் கவிஞர் ஜெஃப்ரிக்கு 1374-இல் அரசர் தினம் ஒரு குடம் மது வழங்க உத்தரவிடுகிறார். அவருக்கு அடுத்து தாமஸ், தலைமை பட்லர். இருபது பீப்பாயோ அதற்கு மேலோ மது ஏற்றி வரும் ஆங்கிலேய வணிகர்களின் கப்பலிலிருந்து அரசருக்காக இரண்டு பீப்பாயை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. நான்கு தலைமுறையும் மதுவைச் சுற்றியே.

இந்த ஜானைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது, படித்துவிட்டு நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். 1324-இல், பன்னிரண்டு வயதுப் பையனை அவனுடைய அத்தையே ஆள் வைத்துக் கடத்துகிறார். எதற்கு? தன் மகளுக்குக் கட்டிவைத்து, இப்ஸ்விச் சொத்து கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள. முறைப்பெண் கதை! கல்யாணம் நடக்கவில்லை, 250 பவுண்டு அபராதம்தான் விழுந்தது. அந்த அத்தைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒற்றுமையாக இருந்த குடும்பங்கள் காப்பகத்தில் தடயமே விடுவதில்லை, சண்டை போட்டவர்களுக்குத்தான் சுருள் சுருளாக இருக்கிறது. வழக்குச் சுருள்களின் படங்களை ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், ரயில் செலவு கிடையாது.

தொடக்கம் கிடைத்தது. ஜெஃப்ரிக்கும் தாமஸுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி. கவிஞர் 1391-இல் வானியல் கருவி ஒன்றைப் பற்றி எழுதிய நூலில் ‘என் சிறு மகன் லூயிஸ்’ என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறார், தாமஸை அல்ல. இந்த இடைவெளியில்தான் வதந்தி புகுந்தது. தாமஸின் உண்மையான அப்பா அரச குடும்பத்துக் கோமகன் ஜான் ஆஃப் கான்ட் என்று ஒரு கட்சி. அவர்கள் சொல்லும் காரணங்கள் லேசானவை அல்ல. தாமஸுக்கு இளவயதிலேயே கோமகனின் ஆண்டுப்படி. 1381-இல் எலிசபெத் சாசர் என்ற பெண் பார்க்கிங் கன்னிமடத்தில் சேர, கோமகன் கொடுத்தது 51 பவுண்டு 8 ஷில்லிங் 2 பென்ஸ். சும்மா கொடுப்பாரா என்கிறார்கள்.

இதற்காகத்தான் யூவெல்ம் தேவாலயத்துக்குப் போனேன், தாமஸும் மாட்டும் அங்கேதான் அடக்கம். சனிக்கிழமை போனது என் தப்பு, அன்று உள்ளே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் நீர்க்கீரை வளர்க்கும் ஓடையோரம் உட்கார்ந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவருக்கு ஒரு வணக்கம் போட்டேன். பிறகு உள்ளே விட்டார்கள்.

கல்லறையின் மேல் பித்தளைத் தகட்டில் கவசத்தோடு தாமஸ், பக்கத்தில் மாட். சுற்றிலும் இருபதுக்கு மேற்பட்ட குலச்சின்னக் கேடயங்கள். முக்கியமான இடத்தில் மூன்று சக்கரங்கள், அது ரோயே குடும்பச் சின்னம், தாய்வழி. சாசர் சின்னத்தைக் காணோம். கான்ட் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். கூடவே ஒரு பொறியும் இருக்கிறது. தாய் ஃபிலிப்பா ரோயே குடும்பம் என்பதற்குப் பெரிய ஆதாரமே இந்தச் சக்கரங்கள்தான். சக்கரத்தை வைத்து அம்மாவை நிரூபித்து, அம்மாவை வைத்துச் சக்கரத்தை விளக்கினால் செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். நான் ஒரு முழுப் பக்கம் சுற்றியிருந்தேன், அதை அழித்தேன்.

என் கருத்து இது. ரோயே பக்கம் பெருமை அதிகம், அவ்வளவுதான். ஃபிலிப்பாவின் சகோதரி கேத்தரின் ஸ்வின்ஃபர்டை கான்ட் 1396-இல் மணந்தார், அவர்கள் பிள்ளைகள் பியூஃபோர்ட்கள். அரசருக்கு ஒன்றுவிட்ட உறவு என்று காட்டிக்கொள்ள வழி இருக்கும்போது, மது வியாபாரி தாத்தாவின் சின்னத்தை யார் கல்லில் செதுக்குவார்கள்? கான்ட் தன் பியூஃபோர்ட் பிள்ளைகளை ஒளிக்கவும் இல்லை, சட்டப்படி அங்கீகரிக்கவே வைத்தார். தாமஸை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

கடைசியில் கட்டத்தை நிரப்பியவை இரண்டு. ஒன்று, ஆக்ஸ்போர்டு இறையியலாளர் தாமஸ் காஸ்கொயின் எழுதி வைத்தது. அவர் 1458-இல் இறந்தவர், தாமஸ் சாசரின் காலத்திலேயே ஆக்ஸ்போர்டில் வாழ்ந்தவர். யூவெல்மில் புதைக்கப்பட்ட எஸ்குயர் தாமஸின் தகப்பன் கவிஞர் சாசர்தான் என்று நேராகவே சொல்கிறார். இன்னொன்று எனக்குப் பிடித்தது. 1409-இல் தாமஸ் கொடுத்த ஒரு பத்திரத்தின் முத்திரையைச் சுற்றி எழுதியிருக்கும் பெயர் தாமஸ் அல்ல, ‘கோஃப்ரே சாசியர்’. கவிஞர் இறந்து ஒன்பது வருடம் கழித்தும் மகன் அப்பாவின் முத்திரையையே மெழுகில் பதித்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையோடு வம்சாவளிப் படமும் இணைக்க வேண்டும். நிரூபணமான உறவுக்கு முழுக்கோடு, ஐயத்துக்குப் புள்ளிக்கோடு. ஜெஃப்ரிக்கும் தாமஸுக்கும் நடுவில் பென்சிலால் மூன்று முறை புள்ளிக்கோடு போட்டு அழித்தேன். சமர்ப்பிக்கும் அன்று காலை பேனாவில் முழுக்கோடாகவே இழுத்துவிட்டேன். திரும்பி வந்த பிரதியில் ‘சர்’ பட்டம் ஓர் இடத்தில் தப்பியிருந்ததற்கு ஒரு சிவப்பு வட்டம், ஆறுக்கு ஒரு சிவப்பு வட்டம். அந்தக் கோட்டின் பக்கத்தில் ஒன்றும் இல்லை.