மாதா மாதம் 22ஆம் தேதி

எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லரின் மேல் இந்த ஊரின் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் ஏராளமான வீடுகளில் இதே பாய்லர்தான், இதே பெயர்தான். எழுதுவதென்னவோ வொர்செஸ்டர்; வாயில் வரும்போது நடுவில் இருக்கும் எழுத்துகளை விழுங்கிவிட்டு வூஸ்டர் என்கிறார்கள். 2005இல் கணவருக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்து நாங்கள் வந்து இறங்கியபோது, டாக்ஸிக்காரரிடம் நான் முழுப் பெயரையும் உச்சரித்தேன். அவர் கண்ணாடி வழியே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அந்தப் பாய்லர் கம்பெனியைத் தொடங்கியவர் செசில் டக்வொர்த். 1962இல் சின்ன அளவில் ஆரம்பித்து வளர்த்து, பிற்பாடு ஜெர்மனியின் போஷ் நிறுவனத்துக்கு விற்றார். கையில் வந்த பணத்தில் பெரும்பகுதியை ஊரின் ரக்பி கிளப்பான வூஸ்டர் வாரியர்ஸில் கொட்டினார். 1871இல் தொடங்கிய கிளப் அது. கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்ததை மேலே தூக்கிக்கொண்டுவந்து, 2004இல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பில் நிறுத்தினார். ஊரே வெந்நீரில் சம்பாதித்த காசில் ரக்பி பார்த்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார்.

என்னை முதன்முதலில் சிக்ஸ்வேஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். எம்5 நெடுஞ்சாலையின் ஆறாவது சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 12 ஆயிரம் பேர் உட்காரலாம், நிற்கலாம். எனக்கு விதிகள் பிடிபட இரண்டு வருடம் ஆனது. பந்தை முன்னால் எறியக் கூடாது, ஆனால் முன்னேற வேண்டும் என்பதை நான் நம்பவே மறுத்தேன். பெரியவர் ஒவ்வொரு விசிலுக்கும் என் காதில் விளக்கம் சொன்னார். பாதி நேரம் அவருக்கும் தெரியவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள். ஒரு சின்னக் கம்பெனியில் நாற்பது பேருக்கு மாதச் சம்பளம் கணக்கிட்டு அனுப்புவதுதான் வேலை. இங்கே ஒருவருடைய சம்பளத்திலிருந்து வருமான வரியையும் தேசியக் காப்பீட்டுத் தொகையையும் முதலாளியே பிடித்துக்கொண்டு, அடுத்து வரும் 22ஆம் தேதிக்குள் வரித்துறைக்கு மின்வழியில் கட்டிவிட வேண்டும். அந்த இடைப்பட்ட நாட்களில் பணம் கம்பெனியின் வங்கிக் கணக்கில்தான் கிடக்கும். பார்க்கக் கம்பெனியின் பணம் மாதிரியே இருக்கும். அதுதான் அதன் ஆபத்து.

முன்பு ஒரு இடத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு மாதம் முதலாளி என் மேசைக்கு வந்து, "வரியை அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், இப்போது சரக்குக்காரனுக்குக் கொடுத்தாக வேண்டும்" என்றார். ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் ஒருவர் தவணையை எடுத்து இன்னொருவர் அவசரத்துக்குக் கொடுப்பார்களே, அந்த முகம் அவருக்கு. நான் அன்று மாலையே வேறு வேலை தேட ஆரம்பித்தேன். அந்தக் கம்பெனி பதினொரு மாதம் தாங்கியது.

அதனால் 2022 ஆகஸ்டில், கட்டாத வரி சுமார் 60 லட்சம் பவுண்டுக்காக வரித்துறை வூஸ்டர் வாரியர்ஸ் மீது, கம்பெனியை இழுத்து மூடச் சொல்லும் கலைப்பு மனு போட்டிருக்கிறது என்ற செய்தி வந்தபோது, பெரியவர் புதிய முதலீட்டாளர் வருவார் என்றார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வரித்துறை எடுத்த எடுப்பில் இந்த மனுவைப் போடாது. கடிதம் எழுதும், தவணை தரும், மறுபடி கடிதம் எழுதும். மனு வருகிறதென்றால் பொறுமை தீர்ந்து நாளாகிவிட்டது.

இத்தனைக்கும் அதே ஆண்டு மே மாதம்தான் அந்த அணி பிரீமியர்ஷிப் கோப்பையை வென்றிருந்தது. இறுதி ஆட்டத்தில் லண்டன் ஐரிஷுடன் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 25-25. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு ட்ரை என்று பெயர். அதிக ட்ரை எடுத்த கணக்கில் வூஸ்டருக்குக் கோப்பை. பெரியவர் அன்றிரவு எங்கள் கதவைத் தட்டி, சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டார். சத்தம் எதுவுமே கேட்டிருக்கவில்லை. செய்தியைச் சொல்ல ஒரு சாக்கு.

கோப்பை வென்ற நான்காவது மாதத்தில் சம்பளம் இழுபறி. ஆகஸ்டு சம்பளம் ஆட்டக்காரர்களுக்குத் தாமதமாக வந்தது. அலுவலகத்திலும் மைதானத்திலும் வேலை செய்தவர்கள் பலருக்கு 65 விழுக்காடுதான் முதலில் போனது. அந்த 65ஐக் கணக்கிட்டுப் போட்டவர் யாரோ ஒருவர் இருப்பார் இல்லையா? அவருடைய சம்பளத்துக்கும் அவரே 65 என்று போட்டிருப்பார். நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ரக்பியை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு கிளப்பின் ஊதாரித்தனம் போலத் தோன்றலாம். வரவு செலவைப் பார்த்தால் அப்படி முடித்துவிட முடியாது. டிக்கெட், பீர், தொலைக்காட்சிப் பங்கு எல்லாம் சேர்ந்தும் ஒரு பிரீமியர்ஷிப் அணியின் செலவை எட்டுவது அபூர்வம். ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டு என்று வைத்திருந்தார்கள்; கொரோனாவுக்குப் பிறகு 50 லட்சமாகக் குறைத்தார்கள். உச்சவரம்பு என்பதை எல்லாரும் இலக்கு என்றே படித்தார்கள். பள்ளத்தை ஒரு பணக்காரர் தன் பையிலிருந்து மூடுவார். டக்வொர்த் போன்ற ஒருவர் இருக்கும்வரை அந்தப் பள்ளம் யார் கண்ணிலும் படாது. 2018 டிசம்பரில் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் லீகின் 27 விழுக்காட்டை 20 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கிளப்புகளுக்குக் கைநிறையப் பணம் வந்தது. பதிலுக்கு, எதிர்கால வருமானத்தில் கால் பங்குக்கு மேல் போயிற்று. விதைநெல்லில் கை வைத்த கதை. பின்னாலேயே 2020இல் மைதானங்கள் பூட்டப்பட, அரசு கடன் கொடுத்தது. வூஸ்டர் வாங்கியது சுமார் 1.5 கோடி பவுண்டு. கடனைக் கடன் என்று எழுதாமல் உதவி என்று எழுதினால் பேரேடு கொஞ்ச நாள் அழகாக இருக்கும்.

அதே 2020 நவம்பரில் டக்வொர்த் காலமானார். உரிமை அதற்கு முன்பே கைமாறியிருந்தது. புதிய உரிமையாளர்களின் காலத்தில் மைதானத்தைச் சுற்றியிருந்த நிலம் தனித்தனிக் கம்பெனிகளுக்குப் போனதைப் பற்றிப் பின்னால் நாடாளுமன்றக் குழு கடுமையாகவே எழுதியது. இவர்களைக் கண்காணித்திருக்க வேண்டிய ரக்பி அமைப்புகளையும் அது விடவில்லை. படிக்கும்போது எனக்கு வியப்பு எதுவும் வரவில்லை. நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டிய நிலம். அதன் மேல் பதினைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

2022 செப்டம்பர் 24, சனிக்கிழமை, நியூகாசிலுடன் ஆட்டம். அடுத்த திங்கள் மாலை 5 மணிக்குள் காப்பீடும் சம்பளத்துக்கான பணமும் நம்பத்தக்க திட்டமும் காட்ட வேண்டும் என்று ரக்பி சங்கம் கெடு வைத்திருந்தது. கடைசி ஆட்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவர் எழுபதுகளில் வாங்கிய கம்பளிக் கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார், குளிரே இல்லை. வூஸ்டர் 39-5 என்று அடித்து நொறுக்கியது. சம்பளம் வருமா என்று தெரியாத ஆட்கள் அப்படி ஆடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் மைதானத்தைச் சுற்றி நடந்துவந்தபோது, எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "நன்றாகப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார்.

திங்கள் மாலை ஐந்து மணி வந்தது, போனது. அணி இடைநீக்கம். கிளப், கடனில் மூழ்கிய கம்பெனிகளைப் பொறுப்பேற்கும் வெளி நிர்வாகிகள் கையில். அக்டோபர் 5ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம் கலைத்தது மொத்தக் கிளப்பையும் அல்ல. ஆட்டக்காரர்களையும் ஊழியர்கள் பலரையும் வேலைக்கு வைத்திருந்த துணைக் கம்பெனி ஒன்று தனியாக இருந்தது, அதைத்தான். விசாரணை சில நிமிடங்கள். அந்தக் கம்பெனி போனதும் ஒப்பந்தங்கள் எல்லாம் போயின. யார் யாருக்கு எந்தக் கம்பெனியின் பெயரில் சம்பளச் சீட்டு வருகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. என் தொழிலில் சொல்கிறேன், பாருங்கள்.

அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டன. 39-5 என்ற ஆட்டம் லீகின் புள்ளிக்கணக்கில் இல்லை. பெரியவருக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் கோபம்.

அதே அக்டோபர் 17ஆம் தேதி வாஸ்ப்ஸ் என்ற இன்னொரு பிரீமியர்ஷிப் கிளப்பும் விழுந்தது. 1867இல் தொடங்கி, ஐரோப்பிய சாம்பியனாக இருமுறை வந்த அணி. 2014இல் லண்டன் வட்டாரத்தை விட்டுக் கவென்ட்ரிக்குக் குடிபெயர்ந்து மைதானத்தை வாங்கி, மறுவருடம் பொதுமக்களுக்கு 6.5 விழுக்காடு வட்டிக்கு 3.5 கோடி பவுண்டு கடன் பத்திரம் விற்றார்கள். 2022 மே மாதம் அசல் திருப்பித் தர வேண்டும், முடியவில்லை. ஒரே நாளில் 167 பேருக்கு வேலை போயிற்று. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். அந்த மே மாத இறுதி ஆட்டத்தில் ஆடிய இரண்டு அணிகளுமே அதோடு காணாமல் போயின. பதின்மூன்று அணிகள் பத்தாயின.

ஆட்டக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள், எல்லாரும் இல்லை. டெட் ஹில்லும் ஆலி லாரன்ஸும் பாத் அணிக்குப் போனார்கள். அப்போது இருபது வயதான ஃபின் ஸ்மித் நார்தாம்ப்டனுக்குப் போய், 2024இல் சாம்பியன் அணியில் ஆடி, 2025இல் இங்கிலாந்துக்காகப் பத்தாம் எண் சட்டையும் போட்டான். தொலைக்காட்சியில் அவன் வரும்போதெல்லாம் பெரியவர், "நம் பையன்" என்பார். மைதானத்தில் பை சோதித்த பெண்மணியை நான் பிறகு பார்க்கவில்லை.

2025இல் வாரியர்ஸ் திரும்பி வந்தது. இரண்டாம் பிரிவில், அதே சிக்ஸ்வேஸில். பெரியவருக்கு எண்பத்தொன்று. சீசன் டிக்கெட் எடுத்துவிடலாமா, உங்கள் பேரில் நானே இணையத்தில் போட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டே யோசித்தார்.

"வேண்டாம். ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் இருவரில் யார் முதலில் என்று தெரியவில்லை."