வயர் இல்லாமல் ஒரு பீப்

2024 ஜூன் 2, ஞாயிறு

நான் கட்டிய மெட்டல் டிடெக்டர் நன்றாகவே வேலை செய்கிறது. பல்ஸ் இண்டக்‌ஷன் வகை, 25 செ.மீ. அகலக் காயில் (கம்பிச் சுருள்). அது மின் துடிப்புகளை அனுப்பி, உலோகத்தில் எழும் மின்னோட்டத்தின் பதிலைப் பிடிக்கும். தொந்தரவு ஹெட்போன் வயரில்தான். குனிந்து தோண்டும்போது முழங்காலுக்கு அடியில் சிக்கி, இன்று ஜாக்கையே பிடுங்கிவிட்டது. இனி வயர் வேண்டாம்.

ஜூன் 5, புதன்

புளூடூத் ட்ரான்ஸ்மிட்டர் வந்தது. மேசைமேல் ஒரு சாவியைக் காட்டிப் பார்த்தேன். சத்தம் தெளிவு.

ஜூன் 8, சனி

தோட்டத்தில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை 10 செ.மீ. ஆழத்தில் புதைத்தேன். வலப்பக்கம் வீசினால் காசைத் தாண்டி ஒரு சாண் தள்ளி பீப். இடப்பக்கம் திரும்பினால் எதிர்ப்புறம் ஒரு சாண் தள்ளி. காசு நடுவில் கிடக்கிறது!

கணக்குப் போட்டதும் புரிந்தது. நான் காயிலை வீசுவது விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர். சாதாரண புளூடூத், ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க ஏறக்குறைய 200 மில்லி விநாடி எடுக்கிறது. அதற்குள் கை 20 செ.மீ. போய்விடுகிறது. பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. டிடெக்டருக்கோ சத்தத்தின் தரம் இரண்டாம்பட்சம், நேரம்தான் உயிர். இன்னொன்று: சத்தமே இல்லாவிட்டால் என் ஹெட்போன் தூங்கிவிடுகிறது. முதல் பீப்பை விழுங்கிய பிறகுதான் விழிக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

நண்பர் ஒருவர் கிடார் வயர்லெஸ் செட்டைக் கொடுத்தார். இதுவும் புளூடூத்தைப் போல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான், ஆனால் தாமதம் ஐந்தாறு மில்லி விநாடி. தரையில் அரை சென்டிமீட்டர் சொச்சம்! ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னல் இதற்கு அதிகம் என்பதால், 10 கிலோ ஓம் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) ஒன்றை வைத்துக் குறைத்தேன். ரிசீவர் பக்கம் நேர்மாறு, ஹெட்போனை ஓட்ட வலு போதவில்லை. அதற்கு எல்எம்386 சிப் வைத்துச் சின்ன ஆம்ப்ளிஃபையர். அப்புறம் காசுக்கு நேர் மேலே பீப் வந்தது. மூன்று முறை, நான்கு முறை வீசிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 15, சனி

ட்ரான்ஸ்மிட்டருக்குத் தனி சார்ஜ் எதற்கு என்று, டிடெக்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் வழியாகக் கொடுத்தேன். உடனே கரகரப்பு. காயிலில் இருந்து வரும் மிக நுண்ணிய சிக்னலை ஆயிரம் மடங்குக்குப் பெருக்கும் சர்க்யூட் இது. பக்கத்தில் கன்வர்ட்டரின் இரைச்சல் வந்தால் அதையும் சேர்த்தே பெருக்கும். கன்வர்ட்டரைக் கழற்றினேன், ட்ரான்ஸ்மிட்டருக்கு அதன் சொந்த பேட்டரியே போதும். ட்ரான்ஸ்மிட்டரை முழங்கைத் தாங்கிக்கு அருகே ஏற்றிக் கட்டினேன். ரிசீவர் பின்பாக்கெட்டில் இருந்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். சட்டைப்பைக்கு மாற்றியதும் சரியானது.

ஜூன் 16, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, வாசல்ல மெட்டி விழுந்து ரெண்டு நாளாச்சு, உங்க மெஷின்ல பாக்க முடியுமா?" என்று கேட்டார். மெட்டி, டிடெக்டர் கண்டுபிடிக்கக் கடினமான பொருள். வாய் திறந்த வளையம் என்பதால் மின்னோட்டம் முழுச் சுற்று ஓடாது, பதில் மெலிதாகத்தான் வரும். காயிலைத் தரையோடு ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். முதலில் இரண்டு ஆணிகள். துளசி மாடத்தின் அடியில், இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு முனகல். திரும்ப வந்தபோதும் அதே இடம். கரண்டியால் ஒரே கிளறல், மண்ணோடு மெட்டி வந்தது. அக்கா அங்கேயே கழுவிப் போட்டுக்கொண்டார்.